கோப்பைக் காணவில்லை

2024 அக்டோபரில் விண்டோஸ் 11-க்கு 24எச்2 என்றொரு புதுப்பிப்பு வந்தது. அதைப் போட்டுக்கொண்ட கணினிகளில் ஒரு விமானம் காணாமல் போனது. பெயர் ஸ்கிம்மர். தண்ணீரில் மிதந்து, தண்ணீரிலிருந்தே எழும்புகிற சின்ன விமானம். 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' ஆடியவர்களுக்குத் தெரிந்திருக்கும். அது நிற்க வேண்டிய இடத்தில் வெறும் தண்ணீர். சிலர் விடாப்பிடியாக வேறு வழியில் அதை வரவழைத்துப் பார்த்தார்கள். ஏறி உட்கார்ந்ததும் நாயகன் சிஜே ராக்கெட் மாதிரி நேரே மேலே போனான். போனவன் போனவன்தான்.

சான் ஆண்ட்ரியாஸ் வந்தது 2004இல், கணினிக்கு வந்தது 2005 ஜூனில். இருபது வருஷமாக ஒழுங்காகப் பறந்த விமானம் திடீரென்று மறைந்தால் யாரைச் சந்தேகிப்போம்? நேற்று வந்தவனைத்தான். எல்லோரும் மைக்ரோசாஃப்டைத் திட்டினார்கள். சைலன்ட் என்ற புனைபெயரில் இந்த விளையாட்டுக்குப் பல வருஷமாகத் திருத்தங்கள் எழுதிவரும் ஒரு நிரலாளர் மட்டும் உட்கார்ந்து துப்பறிந்தார். 2025 ஏப்ரலில் முழுக் கதையும் வெளியே வந்தது. குற்றவாளி 2004இலேயே வீட்டுக்குள் இருந்திருக்கிறான்.

விளையாட்டில் உள்ள வண்டிகளின் விவரம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கிறது. ஒரு வண்டிக்கு ஒரு வரி. வரியின் கடைசியில் சக்கரத்தின் அளவு உட்பட நாலு எண்கள். ஸ்கிம்மரின் எண் 460. இதற்கு முந்தைய விளையாட்டான 'வைஸ் சிட்டி'யில் ஸ்கிம்மர் படகு என்ற பிரிவில் பதிவாகியிருந்தது. படகுக்குச் சக்கரம் கிடையாது, அதனால் அந்த எண்களும் தேவைப்படவில்லை. சான் ஆண்ட்ரியாஸில் அதை விமானம் என்று மாற்றினார்கள். எண்களைச் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

வரியைப் படிக்கிற நிரல், எண் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை. பள்ளிக்கூடத்துக் கரும்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். முந்தைய பீரியட் வாத்தியார் அழிக்காமல் போய்விட்டார். அடுத்து வந்தவர் தான் எழுத வேண்டிய இடத்தில் எதுவும் எழுதவில்லை. பையன்கள் பலகையில் இருப்பதை நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். ஸ்கிம்மருக்கு நடந்தது அதுதான். அதற்கு முந்தைய வரி டாப்ஃபன் என்ற வேனுடையது. வேனின் சக்கர அளவு 0.7. அழியாமல் கிடந்த அந்த 0.7ஐ எடுத்துக்கொண்டு ஸ்கிம்மர் இருபது வருஷம் பறந்திருக்கிறது. 24எச்2இல் விண்டோஸின் உட்பகுதி ஒன்று மாறியது. இரண்டு வரிகளைப் படிக்கிற இடைவெளியில், முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலான பலகையை விண்டோஸ் பயன்படுத்திக்கொண்டது. 0.7 அழிந்தது. அந்த இடத்தில் ஏதோ ஒரு பேரெண். வேனின் புண்ணியத்தில் ஓடிய விமானம் விண்வெளிக்குப் போய்விட்டது.

விண்டோஸ் செய்ததில் தப்பே இல்லை. பலகை அதனுடையது. மருந்து என்ன தெரியுமா? அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து ஸ்கிம்மர் வரியின் கடைசியில் -1, 0.7, 0.7, -1 என்று சேர்த்தால் போதும்.

*

இதைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பந்தலூர் பஜாரின் ஈரம். நான் நெல்லியாளத்துக்காரன். நீலகிரி என்றதும் ஊட்டி மலர்க் கண்காட்சி ஞாபகம் வருகிறவர்களுக்கு எங்கள் ஊர் தெரியாது. கூடலூரைத் தாண்டி, தேவாலா வழியாக, வயநாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கிற நகராட்சி. பந்தலூர் அதற்குள்தான் வரும். 1880ஐ ஒட்டிய சில வருஷங்கள் லண்டன் முதலாளிகள் இங்கே தங்கம் கிடைக்கிறதென்று கம்பெனி கம்பெனியாகத் தொடங்கிப் பணத்தைக் கொட்டினார்கள். போட்ட அளவுக்குத் தங்கம் வரவில்லை. சுரங்கக் குழிகள் மட்டும் இன்னும் காட்டுக்குள் வாய் பிளந்து கிடக்கின்றன. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

எங்கள் வீட்டார் தங்கத்துக்காக வரவில்லை. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கை மலையகத்தில் இருந்த தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று கணக்கு. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழக வனத்துறை 1968இல் தேயிலை போட ஆரம்பித்தது. அதுதான் 1976இல் டேன்டீ என்கிற அரசுக் கழகமானது. சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம் என்று எங்கள் பக்கத்து லயன்களில் பாதி 'சிலோன்காரங்க' லயன்தான். என் ஆத்தாவும் தாத்தாவும் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கி, குடும்ப அட்டை வாங்கி, மலையேறி வந்தவர்கள்.

இந்த இடத்துக்குக் கணினி வந்தது ஒரு சேட்டனின் பிரவுசிங் சென்டர் வழியாக. நாலு அசெம்பிள்டு சிஸ்டம். 2005இலிருந்து 2008 வரை, என் பிளஸ் டூ முடியும்வரை, சனி ஞாயிறு அங்கேதான். தென்மேற்குப் பருவமழை எங்கள் ஊரில் பெய்கிற மாதிரி நீலகிரியில் வேறெங்கும் பெய்யாது. ஆனி, ஆடி இரண்டு மாதமும் துணி காயாது. கணினியும் காயாது. பவர் பட்டனை அமுக்கினால் திரை இருட்டாகவே இருக்கும், உள்ளிருந்து பீப், பீப் என்று நீளமாகக் கத்தும். சேட்டன் சிபியுவைச் சாய்த்துப் போட்டு, மூடியைக் கழற்றி, ரேமை உருவி எடுப்பார். எங்களில் யாராவது ஒருவனின் பென்சில் பாக்ஸிலிருந்து அழிரப்பர். ரேமின் தங்கநிறப் பற்களில் படிந்த பாசியை ரப்பரால் தேய்த்து, ஊதி, திரும்பச் சொருகினால் வண்டி கிளம்பிவிடும். பின்னாளில் கோயம்புத்தூரில் பொறியியல் படித்தபோது நாலு வருஷத்தில் இதை யாரும் சொல்லித்தரவில்லை.

பெரும்பாலான சமயம் விளையாட்டு திறக்காது. திறக்காததற்கு ஒரு பெட்டி வரும். பெட்டிக்குள் ஆங்கிலம். எங்களில் நிறையப் பேர் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். எக்ஸ்பியின் அந்தப் பெட்டிதான் நாங்கள் அர்த்தம் புரிந்து படித்த முதல் ஆங்கில வாக்கியம் என்றால் மிகையில்லை. இந்தச் செயலி தொடங்கவில்லை, ஏனென்றால் டி3டிஎக்ஸ்9_30.டிஎல்எல் என்ற கோப்பைக் காணவில்லை, மறுபடி நிறுவினால் சரியாகலாம். 'லாம்' என்பதைக் கவனியுங்கள். கம்ப்யூட்டரே 'சரியாகலாம்' என்று சொன்னால் நாங்கள் என்ன செய்வது?

இன்னொரு பெட்டி இதைவிடப் பிரபலம். பென்டிரைவ் வழியாக வைரஸ் நுழைந்தால் டாஸ்க் மேனேஜர் திறக்காது. உங்கள் நிர்வாகி இதை முடக்கியிருக்கிறார் என்று வரும். முடக்கியது புரோன்டாக் மாதிரி ஏதாவது ஒரு வைரஸ். விண்டோஸ் அதை நிர்வாகி என்று நம்பிக்கொண்டிருந்தது. அட்மினிஸ்ட்ரேட்டர் என்றால் யாருடா என்று ஒருவன் கேட்டான். லயத்தில் வளர்ந்த இன்னொருவன் யோசிக்காமல் சொன்னான்: "பெரிய துரை." அன்றிலிருந்து எங்களுக்குள் அதுவே பெயர். "துரை டாஸ்க் மேனேஜரை மூடிட்டாரு சேட்டா!" என்று கத்துவோம். சேட்டன் மலையாளத்தில் துரையைத் திட்டிக்கொண்டே எழுந்து வருவார்.

*

டி3டிஎக்ஸ் கோப்பு ஏன் காணாமல் போனது என்பதைப் புரிந்துகொள்ள நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆக வேண்டியிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு குடும்பச் சண்டையின் வரலாறு இருக்கிறது.

டாஸ் காலத்தில் விளையாட்டுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் பெரிதாக யாரும் இல்லை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் மொத்தம் ஒரு மெகாபைட் நினைவகத்தைத்தான் செயலியால் எட்ட முடியும். அதில் 640 கிலோபைட் நிரல்களுக்கு, மேலே உள்ளது வன்பொருளுக்கு. அந்த 640க்குள் டாஸும் மவுஸ் டிரைவரும் சிடி டிரைவரும் உட்கார்ந்தது போக மிச்சம்தான் விளையாட்டுக்கு. இடம் பத்தாவிட்டால் ஓடாது. அதனால் ஆடுகிறவர்கள் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனியாக ஒரு பூட் ஃபிளாப்பி தயாரித்து வைத்திருந்தார்கள். சவுண்டு பிளாஸ்டருக்கு எந்த போர்ட், எந்த ஐஆர்க்யூ என்று விளையாட்டே கேட்கும். பதில் தெரிய வேண்டியது உங்கள் பொறுப்பு. கஷ்டம்தான், ஆனால் யாருக்கும் யார் மீதும் வருத்தம் இல்லை.

விண்டோஸ் வந்ததும் நடுவில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். இனி இயந்திரத்தைத் தொடாதே, என்னிடம் கேள். விளையாட்டு எழுதுகிறவர்கள் கேட்க மாட்டேன் என்றார்கள். கேட்டால் மெதுவாக நடந்தது. மைக்ரோசாஃப்ட் விங்ஜி என்றொரு நூலகத்தைக் கொடுத்துச் சமாதானம் பேசியது. 1994 கிறிஸ்துமஸுக்கு டிஸ்னி அதை நம்பி 'லயன் கிங்' கதைப்புத்தக விளையாட்டை வெளியிட்டது. அதே பண்டிகைக்குக் காம்பேக் பிரசாரியோ கணினிகளும் வீடு வீடாகப் போயின. அவற்றில் இருந்த வீடியோ டிரைவரோடு விங்ஜியை யாரும் சேர்த்துச் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. பண்டிகைக் காலையில் பரிசைப் பிரித்த குழந்தைகள் முன்னால் கணினி படுத்துவிட்டது. டிஸ்னியின் உதவி எண்ணுக்கு அழுகிற குழந்தையோடு பெற்றோர்கள் போன் போட்டார்கள். சிங்கராஜா ஒரு இயங்குதளக் கம்பெனியை இந்த அளவு அவமானப்படுத்தியது வேறெப்போதும் இல்லை.

அந்த அவமானத்தின் சூட்டில், கிரெய்க் ஐஸ்லர், அலெக்ஸ் செயின்ட் ஜான், எரிக் எங்ஸ்ட்ராம் என்ற மூன்று பேர் மைக்ரோசாஃப்டுக்குள் வேகமாக எழுதி முடித்ததுதான் டைரக்ட்எக்ஸ். 1995 செப்டம்பர் கடைசியில் முதல் பதிப்பு. விளையாட்டு இயந்திரத்தோடு வேகமாகப் பேசலாம், ஆனால் விண்டோஸின் கண்முன்னால். நல்ல ஏற்பாடு. விண்டோஸில் விளையாட்டு நிலைத்ததே இதனால்தான்.

வில்லங்கம் பத்து வருஷம் கழித்து வந்தது. டைரக்ட்எக்ஸ் 9இன் மையம் விண்டோஸோடு வரும். அதன் மேல் உதவிக்கு இருக்கிற டி3டிஎக்ஸ் நூலகம் வராது. 2005 பிப்ரவரியில் 24 என்ற எண்ணோடு தொடங்கி, சில மாதங்களுக்கு ஒருமுறை எண்ணைக் கூட்டிக் கூட்டி 2010 ஜூனில் 43 வரை வந்தது. 30க்கு எழுதிய விளையாட்டுக்கு 31 ஆகாது. 30தான் வேண்டும். விளையாட்டுச் சிடியில் கூடவே ஒரு டைரக்ட்எக்ஸ் ஃபோல்டர் இருக்கும், அது இந்தக் கோப்பை நிறுவும். எங்களுக்கு வந்ததோ ரிப். பஜாரில் பத்து விளையாட்டை ஒரே டிவிடியில் அடைக்க வேண்டும் என்றால் எதைக் கழிப்பார்கள்? வீடியோவை, பாட்டை, அப்புறம் 'இது எதுக்கு' என்று அந்த ஃபோல்டரை. காணாமல் போன கோப்பின் மர்மம் இவ்வளவுதான். அதைத் தேடி இணையத்தில் போனால் ஒரேயொரு டிஎல்எல்லைத் தருகிறோம் என்று தளங்கள் கடை விரித்திருக்கும். கோப்போடு இலவசமாக நாலு வைரஸ். துரை திரும்ப வந்து டாஸ்க் மேனேஜரை மூடுவார்.

*

எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த சம்பவம் சிம்சிட்டியுடையது. ஜோயல் ஸ்பால்ஸ்கி 2004இல் எழுதிய கட்டுரையால் இது பரவலானது. விண்டோஸ் 3 காலத்துக்குச் சிம்சிட்டியை எழுதியவர் ஜான் ராஸ். அவர் நிரலில் ஒரு பிழை. தேவையில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை அடுத்த கணமே மறுபடி படித்தது. வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகு உள்ளே போய்ச் சட்டையை எடுத்து வருகிற மாதிரி. பழைய விண்டோஸில் வீடு அப்படியேதான் பூட்டிக் கிடக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். விண்டோஸ் 95 அந்த வீட்டை உடனே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. சிம்சிட்டி விழுந்தது.

மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? உன் பிழை, நீ திருத்து என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விண்டோஸ் 95க்குள்ளேயே ஒரு சோதனை எழுதினார்கள். ஓடுவது சிம்சிட்டியா? ஆம் என்றால் நினைவகத்தை வேறு முறையில் நிர்வகி, காலி செய்ததை உடனே யாருக்கும் தராதே. ஒரே ஒரு விளையாட்டுக்காக இயங்குதளத்தின் சட்டம் வளைந்தது. அந்தக் குழுவின் மேலாளர் டேவிட் கோல் டிரக்கோடு ஒரு மென்பொருள் கடைக்குப் போய் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வாங்கி வந்து, ஆளுக்கு இரண்டு எடுத்து ஓட்டிப் பாருங்கள் என்று கொட்டினார் என்பது ரேமண்ட் சென் சொல்கிற கதை. எக்ஸ்பி காலத்துக்குள் இது முறையான ஏற்பாடாகிவிட்டது. எந்தச் செயலிக்கு எந்தப் பொய் சொல்ல வேண்டும் என்று ஆயிரக்கணக்கான பெயர்களோடு ஒரு பட்டியல் ஒவ்வொரு விண்டோஸுக்குள்ளும் இருக்கிறது. அந்தப் பொய்க்கு ஷிம் என்று பெயர். ஆசாரி கதவுச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் சொருகுகிற சின்னச் சீவல் இருக்கிறதே, அதுதான்.

நிரலாளர்களில் பாதிப் பேருக்கு ஷிம் பிடிக்காது. குப்பையைக் காப்பாற்றி வைக்கிறார்கள் என்பார்கள். நான் வேலை பார்க்கிற இடத்திலும் இந்த வாக்குவாதம் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது வரும். நான் எப்போதும் ஷிம் பக்கம்தான். காரணம் தொழில்நுட்பம் மட்டும் இல்லை.

என் ஆத்தாவின் பெயர் கப்பலேறும்போது மாரியாயி. குடும்ப அட்டையில் மாரியாய். தோட்டத்து செக்ரோலில் மாரியம்மாள், ஏனென்றால் எழுதியவருக்கு அதுதான் பெயராகப் பட்டது. வாக்காளர் அட்டையில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப் பெயர். முப்பது வருஷம் கொழுந்து பறித்தபோது இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. எல்லாம் கையால் எழுதிய பேரேடு, எதிரே உட்கார்ந்த கணக்கப்பிள்ளைக்கு முகம் தெரியும். பழைய விண்டோஸ் மாதிரி. வேலையை விட்ட பிறகு சேமிப்புப் பணத்துக்கு விண்ணப்பித்தோம். இடைப்பட்ட காலத்தில் அந்த அலுவலகம் கணினிக்கு மாறியிருந்தது. விண்ணப்பம் திரும்பி வந்தது. பெயர் பொருந்தவில்லை. மறுபடி விண்ணப்பித்தால் சரியாகலாம். அதே 'லாம்'.

நான் அப்போது மூன்றாம் வருஷம் பொறியியல். விடுமுறையில் ஆத்தாவோடு அந்த அலுவலகத்துக்கு ஏழெட்டு தடவை பஸ் ஏறியிருப்பேன். "பழைய கோப்பைக் காணோம் தம்பி" என்றார் ஒருவர். ஆத்தா என்னிடம் மெதுவாக, "டீ குடிக்கிற கோப்பையா காணோம்?" என்று கேட்டது. விளையாட்டாகத்தான் கேட்டது என்று இப்போதும் நினைக்கிறேன். நோட்டரி கையெழுத்து, செய்தித்தாள் விளம்பரம், 'இருவரும் ஒருவரே' என்று சான்றிதழ். மூன்று எழுத்து வித்தியாசத்துக்கு ஒன்றரை வருஷம். அந்த அலுவலகத்தில் இருந்த யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் சரியான விதியைத்தான் கடைப்பிடித்தார்கள், 24எச்2 மாதிரி. மாரியாயி வந்தால் இப்படி நட என்று அந்த இயந்திரத்துக்குள் யாரும் ஒரு வரி எழுதி வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

*

சேட்டன் கடைக்குத் திரும்புவோம். அங்கே நாங்களே சொந்தமாக ஷிம் அடிக்கக் கற்றுக்கொண்டோம்.

நாலு சிஸ்டத்திலும் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. இன்டெல் 845, 865 போர்டுகளின் உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ்தான். முப்பரிமாணக் காட்சிக்கான கணக்குகளில் ஒரு பகுதியை அந்தச் சில்லு செய்யாது, முதன்மைச் செயலியின் தலையில் கட்டிவிடும். 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: சேண்ட்ஸ் ஆஃப் டைம்' மாதிரி விளையாட்டுகள் ஆரம்பிக்கும்போதே உன் கார்டு என்ன என்று விசாரிக்கும். பதில் பிடிக்காவிட்டால் கதவைச் சாத்திவிடும். இதற்கு 3டி அனலைஸ் என்றொரு குட்டி மென்பொருள் இருந்தது. அது நடுவில் நின்று விளையாட்டிடம் பொய் சொல்லும்: இங்கே இருப்பது ஜிஃபோர்ஸ் கார்டு ஐயா, தாராளமாக வாங்க. விளையாட்டு நம்பி உள்ளே வரும். ஸ்விஃப்ட்ஷேடர் இன்னும் ஒரு படி மேல். அதன் டிஎல்எல்லை விளையாட்டின் ஃபோல்டரில் போட்டால், இல்லாத கார்டின் வேலை முழுவதையும் செயலியை வைத்தே செய்துகாட்டும். வேகம்? நொடிக்கு நாலு படம். இளவரசன் சுவரில் ஓடுவதைப் பார்த்தால் ஸ்லைடு ஷோ மாதிரி இருக்கும். ஆனாலும் ஓடினான். அதில் ஒரு வில்லனைக் கொல்ல ஒருவன் மூன்று ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டான். கடையை மூடும்போது சேவ் கோப்பைப் பென்டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோவான். வீட்டில் கணினி கிடையாது. பத்திரமாக இருக்கட்டும் என்றுதான்.

விஸ்டாவும் விண்டோஸ் 7ம் வந்தபோது 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' வேறு விதமாகக் கெட்டது. விளையாட்டு திறக்கும், ஆனால் புல் ஊதாவாகவும் தண்ணீர் சிவப்பாகவும் இருக்கும். அது 256 வண்ணங்கள் மட்டுமே உள்ள ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு படம் வரைகிற பழைய விளையாட்டு. பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் எக்ஸ்புளோரர் அந்தப் பட்டியலில் கை வைத்துவிடும். தீர்வு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்புளோரரைக் கொன்றுவிட்டு ஆடுவது. டெஸ்க்டாப் போய்விடும், ஸ்டார்ட் பட்டன் போய்விடும், புல் பச்சையாகிவிடும். இதை முதலில் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்கு நான் ஒரு டீ கடன்பட்டிருக்கிறேன். துரை அனுமதித்தால்தான் டாஸ்க் மேனேஜர் திறக்கும் என்பது வேறு விஷயம்.

இப்போது ஒரு தர்மசங்கடமான சேதி. அந்தக் காலத்தில் காசு கொடுத்து ஒரிஜினல் சிடி வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். பல விளையாட்டுகளில் சேஃப்டிஸ்க் என்ற திருட்டுத் தடுப்பு இருந்தது. அதன் டிரைவர் விண்டோஸின் ஆழத்தில் உட்கார்ந்து, இது அசல் சிடிதானா என்று பார்க்கும். 2007இல் அந்த டிரைவரிலேயே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரணப் பயனர் அதன் வழியே முழு அதிகாரத்தைப் பிடிக்கலாம். அந்த ஓட்டையை அடைத்தார்கள். ஆனாலும் 2015இல் வந்த விண்டோஸ் 10 அந்த டிரைவரையே ஏற்கவில்லை. அதே செப்டம்பரில் விஸ்டா, 7, 8க்கும் ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு அதை அணைத்தது. பாதுகாப்பு நோக்கில் சரியான முடிவு. விளைவு, அலமாரியில் பெட்டியோடு வைத்திருந்த அசல் சிடிகள் விண்டோஸ் 10இல் ஓடவில்லை. பந்தலூர் பஜாரில் பேனாவால் பெயர் எழுதி விற்ற டிவிடி ஓடியது, ஏனென்றால் அதில் சேஃப்டிஸ்க்கை யாரோ ஏற்கெனவே பிடுங்கி எறிந்திருந்தார்கள். திருட்டை நான் நியாயப்படுத்தவில்லை. பழைய விளையாட்டுகளை இன்று முறைப்படி விற்கிற கடைகளும் அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டுத்தான் விற்கின்றன என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

*

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த வருஷம் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் சித்தி மகனுக்கு ஒன்று கிடைத்தது. மூடியில் முதலமைச்சர் படம். உள்ளே விண்டோஸ், கூடவே சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று கேட்கும். எங்கள் லயன் வரிசைக்குள் நுழைந்த முதல் கணினி அது. சேட்டன் கடைக்கு அன்றே முடிவு எழுதியாகிவிட்டது. சேட்டனும் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு அதே இடத்தில் மொபைல் ரீசார்ஜ் கடை போட்டார்.

தம்பி பாஸ் லினக்ஸைத் தொடவே இல்லை. "அதுல கேம் ஓடாதுண்ணா" என்றான். அன்று அது உண்மை. விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்டுகிற ஒயின் திட்டம் 1993இலேயே தொடங்கிவிட்டது. என்றாலும் அதில் ஒரு விளையாட்டை ஓட்டுவதற்குள் விளையாடுகிற ஆசையே போய்விடும். நிலைமை மாறியது 2018இல். ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் ஒயினை எடுத்து மெருகேற்றி புரோட்டான் என்று வெளியிட்டது. 2022இல் அதை நம்பியே ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியை விற்றது. அதற்குள் ஓடுவது லினக்ஸ், லினக்ஸுக்குள் விண்டோஸ் மாதிரி வேஷம் போட்ட ஒரு மொழிபெயர்ப்பாளர். சிம்சிட்டிக்கு ஒரு வரியில் சொன்ன பொய்யை ஒரு இயங்குதள அளவுக்கு வளர்த்தெடுத்திருக்கிறார்கள். விஸ்டா, எக்ஸ்பி காலத்து விளையாட்டுகள் சில, இன்றைய விண்டோஸைவிட அதில் நன்றாக ஓடுகின்றன.

அந்த மடிக்கணினி இன்னும் இருக்கிறது. பேட்டரி செத்துவிட்டது, ஒயர் சொருகினால்தான் உயிர். விண்டோஸ் பழசாகி இணையத்தில் நுழையவே தடுமாறியதால், போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அதில் ஒரு லேசான லினக்ஸைப் போட்டேன். புரோட்டானுக்கு அந்தக் கிராபிக்ஸ் பத்தாது, வெறும் ஒயின்தான். ஒயின் தனக்குள்ளே ஒரு பொய்யான சி டிரைவை உருவாக்கிக்கொள்ளும். அதற்குள் விண்டோஸ் என்றொரு ஃபோல்டர், அதற்குள் சிஸ்டம்32. தம்பியின் மகள் ஏழு வயது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சான் ஆண்ட்ரியாஸ் வேண்டாம், வயது பத்தாது. தம்பி பழைய டிவிடி ஒன்றிலிருந்து கார் ரேஸைத் தேடி எடுத்தான். இரண்டு தடவை கிளிக் செய்தோம். ஒரு பெட்டி வந்தது.

"என்ன பெரியப்பா எழுதிருக்கு?"

டி3டிஎக்ஸ்9_30.டிஎல்எல். காணவில்லை.